பத்திரத்தில் இல்லாத வீடு

நில அளவை பற்றிப் பேசின போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமா அனுப்பியிருந்தீங்க. பழைய வீடு ஒன்று விலைக்கு வருது, பத்திரமெல்லாம் சுத்தம்னு வக்கீல் சொல்லிட்டார், வாங்கலாமா? நான் வக்கீலும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. வரலாறு படிக்கிறவன். ஆனா இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வரலாறு ஒளிஞ்சிருக்கு. பத்திரம் சரியாக இருந்தால் வீடும் சரியாக இருக்கும் என்று நாம் எப்போது நம்ப ஆரம்பித்தோம்? ஏன்னா நம்ம ஊர்ப் பத்திரங்களை எடுத்துப் படிச்சா, அதில் வீடு இருக்கவே இருக்காது. நிலம்தான் இருக்கும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது. ஊர்ச் சபை கோயிலுக்கு நிலம் விற்கும், தனியாரும் விற்பார்கள். அதற்கு 'விலையாவணம்' என்று பெயர். அதன் அமைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கீழ்பாற்கெல்லை எது, தென்பாற்கெல்லை எது என்று நான்கு திசைக்கும் எல்லை சொல்வார்கள். அப்புறம் அந்த எல்லைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று ஒரு பட்டியல் வரும். மேல் நோக்கிய மரம், கீழ் நோக்கிய கிணறு, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் எல்லாம் சேர்த்தி. மனையும் மனைப்படப்பையும் வரும். படப்பை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம். மனை என்கிற சொல்லுக்கே வீடு, வீடு நிற்கும் இடம் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆனால் அந்த மனையில் நிற்கும் கூரை எப்படி இருந்தது, சுவர் மண்ணா செங்கல்லா என்பதை இந்தப் பட்டியல்களில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. முத்திரைத்தாளில், வரிசைக்கு இடைவெளியே விடாமல் எழுதினது. அதிலும் இதே கதைதான். செக்குபந்தி விவரம் ரொம்பத் துல்லியம். வடக்கே யார் மனை, தெற்கே எந்தத் தெரு, இதற்கு மத்தியில் கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று எட்டு வகைப் பாத்தியதை. புதையல் கிடைத்தால்கூட வாங்கினவருக்குத்தான்! இது விஜயநகர காலச் சாசனங்களிலும் வருகிற பட்டியல். சாசனம் எழுதினவரிடமிருந்து பத்திரம் எழுதுகிறவர் கைக்கு வந்து, டைப்ரைட்டருக்கும் தப்பி, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கிற சில பத்திரங்களில்கூட மிச்சம் இருக்கிறது. சரி, வீடு? ஒரே ஒரு வரி. 'ஓட்டு வில்லை வீடும் கதவு நிலவு சகிதமும்'. அவ்வளவுதான். கொஞ்சம் வசதியான வீடாக இருந்தால் 'தார்சு கட்டிடம்' என்று இருக்கும். டெரஸ் என்கிற ஆங்கிலச் சொல்தான் பத்திர எழுத்தர் வாயில் தார்சு ஆகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது.

பத்திரத்தில் விற்பவர் ஒரு பெரிய உறுதி கொடுப்பார். யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதாவது வந்தால் தானே முன்னின்று தன் செலவில் தீர்த்துத் தருவேன் என்று. உரிமையில் வரும் ஓட்டைக்கு இவ்வளவு உறுதி. கூரையில் வரும் ஓட்டைக்கு ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளைக்காரன் சட்டம் வந்த பிறகு இது மாறியதா என்றால், கொஞ்சம் மாறியது. 1882-ல் வந்த சொத்து மாற்றச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்று அதில்தான் எழுதினார்கள். அந்த 100 ரூபாய் இன்னும் 100 ரூபாயாகவே இருக்கிறது. அதே சட்டத்தில் 55-வது பிரிவு என்று ஒன்று உண்டு. வீடு வாங்குகிற எல்லாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய பிரிவு. சொத்தில் ஒரு முக்கியமான குறை இருக்கிறது, அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது என்றால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர.

இதைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரிகிற குறை உங்கள் பொறுப்பு. கூடத்துச் சுவரில் விரிசல் இருக்கிறது, நீங்கள் நாலு தடவை வந்து பார்த்தும் கவனிக்கவில்லை என்றால் விற்றவரைக் கேட்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத குறைதான் அவர் பொறுப்பு. அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அப்போ, தெரிகிற குறையைத் தெரியாத குறையாக மாற்றுகிற பொருள் ஒன்று ரொம்ப முக்கியமாகிறது. அதுக்குப் பேர் பெயிண்ட்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு வருஷம் கழித்து நான் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். தனி வீடு, வெளியே உள்ளே எல்லாம் புது பெயிண்ட், வாசம்கூடப் போகவில்லை. விற்பவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். "தண்ணி வந்துதா சார்?" என்று கேட்டேன். "தெருவுல வந்துது தம்பி" என்றார். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரைப் பார்த்தேன். அவர்கள் பெயிண்ட் அடிக்கவில்லை. என் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. பெரியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் தண்ணீர் வந்தது உண்மைதானே. எந்த வீட்டுப் பத்திரத்திலும் அந்தக் கோடு ஏறவில்லை.

பழுது பார்ப்பது என்பதே ஒரு காலத்தில் இப்படி மூடி மறைக்கிற விஷயமாக இருக்கவில்லை. கீற்றுக் கூரையை வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒரு தடவை பிரித்து மேய வேண்டும். நாட்டு ஓடு போட்ட வீட்டில் மழைக்கு முன்னால் ஆள் ஏறி உடைந்த ஓட்டை மாற்றி, நகர்ந்ததைச் சரித்துவைக்க வேண்டும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு. பழுது என்பது ஒரு பருவம், விதைப்பு அறுப்பு மாதிரி. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார்கள். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கிற சீமை ஓடு பரவிய பிறகு அந்த வேலை குறைந்தது. ஆனாலும் ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றினால் போதும். மொத்தக் கூரையையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மெட்ராஸ் டெரஸும் அப்படித்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும், ஏன்னா உங்களில் பலர் வாங்க நினைக்கிற பழைய வீட்டின் தலைக்கு மேலே இருப்பது அதுதான். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போடுவார்கள். அதன் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துக் குறுக்குவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சாரம் கட்டிப் பலகை அடிக்கத் தேவையில்லை, ஒட்டிய செங்கல் அப்படியே நிற்கும். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. மெட்ராஸில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் சுவர் பூசினால் சலவைக்கல் மாதிரி இருக்கும் என்று அந்தக் காலத்தில் வந்த ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கூரைக்கு எதிரி, சுவருக்குள் போகிற கட்டையின் முனை. மேலே தண்ணீர் தேங்கினால் அந்த முனைதான் முதலில் மக்கும், கரையானும் அங்கேதான் வரும். ஆனால் ஒரு கட்டை போனால், தாங்கு கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த ஆட்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்பதுதான் அடுத்த கதை.

இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரிக்க முதல் முயற்சி நடந்தது நம்ம மெட்ராஸில்தான், 1904-ல். அதுவும் கிளிஞ்சலை வைத்து! அந்த முயற்சி நிலைக்கவில்லை. பிறகு 1930-களில் மதுக்கரை, டால்மியாபுரம், 1949-ல் தாழையூத்து என்று ஆலைகள் வந்தன. சிமென்ட் கொடுத்த வாக்குறுதி ரொம்ப எளிமையானது. ஒரு தடவை போட்டால் போதும், வருஷா வருஷம் ஆள் ஏற வேண்டாம். ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்துக் களைத்துப் போன குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் கான்கிரீட்டும் பழுதாகும், வெளியே சொல்லாமல் பழுதாகும். ஈரமும் உப்புக் காற்றும் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும், அதனால் உள்ளிருந்து தள்ளி, காரை பெயர்ந்து விழும். நீங்கள் கம்பியைக் கண்ணால் பார்க்கும்போது பல வருஷ வேலை நடந்து முடிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. 1982 வரை சிமென்ட் முழுக்க அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த வருஷம் பாதி தளர்த்தினார்கள், 1989-ல்தான் முழுசா விட்டார்கள். மூட்டைக்கு பெர்மிட் வாங்க அலைந்த காலத்தில் எழும்பிய வீடு ஒன்றைப் பார்க்கும்போது, கலவையில் எத்தனை மூட்டை போயிருக்கும் என்று நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

இதில் பெரிய சோகம், பழைய வீட்டை வாங்கினவர்கள் ஆசையோடு செய்கிற ரிப்பேர்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். ஓதம் ஏறுகிறதே என்று அதன் மேல் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூக்கும். பூசினது இரண்டு மழையில் உதிரும். மறுபடி பூசுவார்கள். மூன்றாவது தடவை, "இந்த வீடே சரியில்லை, இடிச்சிடலாம்" என்பார்கள். இப்படி நோயில்லாமல், வைத்தியத்தில் செத்த வீடுகளை எங்கள் தெருவிலேயே எண்ணிக் காட்ட முடியும்.

செட்டிநாட்டுக்கு வருவோம். பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் என்று அந்த வீடுகளைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் உரிமை முறை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவை ஜப்பான் பிடித்தபோது நகரத்தார் வணிகத்துக்கு விழுந்த அடி பெரியது. பணம் போனது, வீடு நின்றது. தலைமுறை ஏற ஏற ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது? செலவு செய்தவருக்குப் பங்கு கூடுமா? கூடாது. அப்போ ஏன் செய்யணும்? விற்கலாம் என்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அது கூடி வருவதற்குள் இன்னும் இரண்டு கட்டு விழுந்திருக்கும். கடைசியில் வீடு வீடாக விற்காமல் தூணாக, நிலைக்கதவாக, எனாமல் தட்டாக விற்றது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தக் கடைகளை இன்றைக்கும் பார்க்கலாம். சில வீடுகளுக்கு நல்ல கதியும் கிடைத்தது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், இடியவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரு ஊரையே அப்படித் தூக்கிவர முடியாது இல்லையா.

இதெல்லாம் அரண்மனை மாதிரி வீடு வைத்திருந்தவர்கள் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. பிளாட் வாங்கினவர் எல்லாரும் பங்காளிதான்.

தமிழ்நாட்டில் புது பிளாட் எப்படி விற்றார்கள் என்று பாருங்கள். பிரிக்கப்படாத பாக மனை, எல்லாரும் யூடிஎஸ் என்று சொல்வது, அதற்கு மட்டும் கிரயப் பத்திரம் பதிவாகும். கட்டிடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். அதாவது 800 சதுர அடி வீட்டுக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள், உங்கள் கிரயப் பத்திரத்தில் இருந்தது 350 சதுர அடியோ 400 சதுர அடியோ நிலம், அதுவும் எந்த இடத்தில் என்று காட்ட முடியாத நிலம். கல்வெட்டு எழுதினவர் பார்த்தால் தன் வழியிலேயே வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருப்பார். 2023 டிசம்பரிலிருந்துதான் நிலத்தையும் கட்டிடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் புது பிளாட்டைப் பதிவு செய்யும் முறை வந்தது. அரசு வருமானத்துக்காகச் செய்தது என்று பலருக்குக் கோபம். இருக்கலாம். ஆனால் எனக்கு அது ஒரு வரலாற்றுத் தேதி. கட்டின வீடு கிரயப் பத்திரத்துக்குள் முழு மரியாதையோடு நுழைந்த தேதி.

நிலத்துக்குத்தான் விலை என்று சந்தை முடிவு பண்ணிவிட்டால், பழுது பார்ப்பது நஷ்டக் கணக்காகிவிடும். "மனை விலைக்கே வருது, வீடு சும்மா" என்று புரோக்கர் சொல்வார். பத்து வருஷத்தில் இடிக்கப்போகிற கட்டிடத்துக்கு யார் மொட்டை மாடியில் தட்டோடு மாற்றுவார்கள்? சொந்தக்காரர் வேறு எங்கோ இருப்பார். உள்ளே இருப்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூரில் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து எல்லாரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. சட்டிபானை, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் உள்ளே. அது தனியார் விற்பனை விவகாரம் இல்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுக்குமாடிக்குப் பங்காளிப் பிரச்சினையைத் தீர்க்கச் சட்டம் முயன்றிருக்கிறது. 1994-ல் ஒரு குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது, பெரிதாகப் பயன்படவில்லை. அதுக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். பழைய கட்டிடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. அதுவரை ஒருவர் முரண்டு பிடித்தாலும் மொத்தக் கட்டிடமும் நின்றது. கவனிச்சீங்களா, இடிக்க வழி கிடைத்துவிட்டது. லிஃப்ட் கம்பி மாற்றவும் மாடி ஒழுகலை அடைக்கவும் மாசா மாசம் பணம் தர மறுக்கிற ஆளை வழிக்குக் கொண்டுவருவது மட்டும் இன்னும் அசோசியேஷன் செயலாளரின் தலைவிதியாகவே இருக்கிறது.

புதுக் கட்டிடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் கட்டினவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். விலையாவணம் எழுதின காலத்திலிருந்து பார்த்தால், கூரைக்கும் சுவருக்கும் விற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன சட்டத்தை நான் இங்கே வேறு பார்த்ததில்லை. ஆனால் உங்களில் பெரும்பாலானோர் கேட்டது பழைய வீடு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற வீடு. அங்கே இன்னும் 1882-தான்.

அதனால் கேள்விக்கு என் பதில். வக்கீல் பத்திரம் சுத்தம் என்றால், நிலம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டும்தான் வரும். மாடிச் சுவரின் கதை அதில் வராது. வீட்டைப் பார்க்க ஐப்பசி கார்த்திகையில் போங்கள், மழை பெய்து கொண்டிருக்கும்போதே போங்கள். கூடத்தை விட்டுவிட்டு லாஃப்டுக்குள்ளும் அலமாரிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. மெட்ராஸ் டெரஸ் என்றால் கட்டை சுவருக்குள் போகிற இடத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் விலையைப் பேசுங்கள், வீட்டை வெறுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒழுகல் உண்டா, வெள்ளம் வந்ததா, எந்த வருஷம் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. சிலர் உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்துவந்து, மொட்டை மாடிக்குத் தட்டோடு போட்ட நாள், கொத்தனார் பெயர், கூலி எல்லாம் படித்துக் காட்டுவார்கள். அந்த டைரியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த எபிசோடில் கடன் பத்திரங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும் என்கிற விசித்திரமான சலுகை கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகரங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பேசலாம்.